நூற்றுக்கு ஒன்பது வாங்கிய மோட்டார் அறை

பேரிடர் வந்த பிறகு கூட்டம் போடுவதில் பல சங்கடங்கள் இருந்தன. கூட்ட அறையில் தண்ணீர் நிற்கும். மின்சாரம் இருக்காது. வர வேண்டியவர்கள் படகுக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள். எனவே இனிமேல் பேரிடர் வருவதற்கு முன்பாகவே கூட்டம் போட்டுவிடுவது என்று அரசாங்கம் முடிவெடுத்தது. அரசாங்கம் தனியாக எத்தனை கூட்டம்தான் போட முடியும்? கை கொடுக்க ஒரு தனியார் நிறுவனம் முன்வந்தது. இப்படிப் பிறந்ததுதான் 'முக்கியக் கட்டமைப்புகளைப் பெருமிடர்களிலிருந்து காக்கும் அரசு-தனியார் ஒத்துழைப்புத் திட்டம்'. பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பவர்களுக்குத்தான் அதில் பதவி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

முதல் மூன்று மாதங்கள் மேல்சட்டையிலேயே கழிந்தன. ஆரஞ்சு நிறத்தில், இருட்டில் மின்னும் பட்டை வைத்த கையில்லாத மேல்சட்டை. மார்பில் இரண்டு சின்னங்கள். இதயம் இருக்கும் பக்கம் அரசுச் சின்னமா, நிறுவனச் சின்னமா என்பதில் நீண்ட பேச்சுவார்த்தை நடந்து, கடைசியில் பாதிச் சட்டை அப்படியும் பாதிச் சட்டை இப்படியும் தைப்பதென்று உடன்பாடு கையெழுத்தானது. சட்டைகளைத் தைத்தவள் மோட்டார்க்காரரின் மனைவி. தரைத்தளத்து வீட்டின் முன்னறையில் மூன்று தையல் இயந்திரங்களைப் போட்டு அவள் தொழில் செய்துவந்தாள். திட்டம் என்று ஒன்று இருப்பதே மோட்டார்க்காரருக்கு அந்தச் சட்டைகளைப் பார்த்துத்தான் தெரிந்தது.

மோட்டார்க்காரருக்கு ஆற்றங்கரை மோட்டார் அறையில் வேலை. ஊரின் தாழ்வான எட்டுத் தெருக்களில் பெய்கிற மழையெல்லாம் அந்த அறைக்குப் பக்கத்துக் குழியில் வந்து சேரும். அதை இறைத்து, கரைக்கு மேலாக ஆற்றில் தள்ளுவது அவருடைய பொறுப்பு. பத்தொன்பது வருடமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறார். நான்கு தூறல் விழுந்தால் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் குடியிருந்ததும் அந்த எட்டில் ஒரு தெருவில்தான். தெருவில் யாருக்கும் அவர் என்ன வேலை செய்கிறார் என்று தெரியாது. மழை பெய்தால் வெளியே போகிற விசித்திரமான மனிதர் என்று மட்டும் தெரியும்.

அவருக்கு ஒரே ஒரு கவலை. மோட்டார் அறையைச் சுற்றி இருந்த சுவர் இடுப்பளவுதான். பெரிய வெள்ளம் வந்து ஆறு மூன்றடி கூடுதலாக ஏறினால், முதலில் மூழ்குவது மோட்டார். அப்புறம் எட்டுத் தெரு. சுவரை உயர்த்தி, துணைக்கு இன்னொரு மோட்டார் வேண்டும் என்று பதினோரு முறை எழுதிப் போட்டிருந்தார். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று பதினோரு முறை பதில் வந்திருந்தது. பதில் தவறாமல் வந்ததே ஒரு நல்ல அறிகுறி என்று பன்னிரண்டாவது மனுவை நேரிலேயே எடுத்துக்கொண்டு போனார்.

திட்ட அலுவலகத்தில் ஒருங்கிணைப்பு அதிகாரியும் நிறுவனத்தின் மேலாளரும் ஒரே மேஜையின் இரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி ஓடாத அறையிலும் இருவரும் மேல்சட்டையைக் கழற்றவில்லை.

"உங்க மோட்டார் அறைக்கு ஏற்கெனவே மதிப்பீடு முடிஞ்சிருச்சே," என்றார் அதிகாரி, கோப்பைப் புரட்டி. "நூத்துக்கு ஒன்பது."

மோட்டார்க்காரர் பள்ளிக்கூடத்தில்கூட அவ்வளவு குறைவாக வாங்கியதில்லை. "எதுக்கு சார் ஒன்பது?"

"ஆத்தங்கரையில இருக்கில்ல. இருப்பிடத்துக்குப் பத்துல ஒன்பது."

"மிச்சத் தொண்ணூறு?"

"புகாருக்கு நாப்பது. அஞ்சு வருஷத்துல உங்க மேல வந்த புகார் எத்தனை? ஒண்ணுகூட இல்ல. செயலிழந்த நேரத்துக்கு முப்பது. நீங்க ஒரு நிமிஷம்கூட நிறுத்தல. பத்திரிகையில வந்த படத்துக்கு இருபது. யாருங்க உங்க மோட்டாரைப் படம் எடுத்திருக்கா?"

"அறுபது வாங்கினாத்தான் முதல் தரம்," என்றார் மேலாளர் ஆறுதலாக. "முதல் தரத்துக்குத்தான் சுவர், துணை இயந்திரம் எல்லாம். நீங்க நாலாம் தரத்துல இருக்கீங்க. 'கவலைக்கு இடமில்லாதவை'."

"நிக்காம ஓடினது தப்பா சார்?"

"சேச்சே, யார் தப்புன்னு சொன்னா? எங்களுக்கு அதுல பெருமைதான்," என்றார் அதிகாரி. அவர் உண்மையிலேயே நல்ல மனிதர். "ஆனா ஒரு தடவையாவது நின்னாத்தானே, அது இல்லேன்னா ஜனங்க என்ன பாடு படுவாங்கன்னு எங்களுக்குத் தெரியும்? தெரியாம எப்படி முக்கியம்னு எழுதுறது? ஊகத்துல எழுதினா தணிக்கையில மாட்டிப்போம்."

சுவரில் முதல் தரப் பட்டியல் மாட்டியிருந்தது. இந்த அலுவலகத்தின் லிஃப்டுக்கு எழுபத்தொன்று. வாரத்துக்கு இரண்டு முறை நின்றுவிடும். உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு வேறு வேலை இல்லாததால் அங்கிருந்தே புகார் அனுப்பிவிடுவார்கள். பட்டியலின் உச்சியில், நூற்றுக்கு நூறுடன், பழைய பாலம் இருந்தது.

"அந்தப் பாலம்தான் நாலு வருஷம் முன்னாடியே ஆத்தோட போயிடுச்சே சார்."

"அதனாலதான். நாலு வருஷமாத் தொடர்ந்து செயலிழந்து நிக்குது. அதைவிட முக்கியமான பாலம் ஏது சொல்லுங்க? எங்க ஆள் ஒருத்தர், அவங்க ஆள் ஒருத்தர்னு ரெண்டு பேரைக் காவலுக்குப் போட்டிருக்கோம். ஈ காக்கா நெருங்க முடியாது."

மோட்டார்க்காரர் எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார். "அப்போ ஒரு தடவை நின்னுட்டா..."

அதிகாரி மேலாளரைப் பார்த்தார். மேலாளர் கூரையைப் பார்த்தார்.

"நாங்க நிறுத்தச் சொல்லல," என்றார் அதிகாரி.

"சொல்லவே இல்ல," என்றார் மேலாளர். "படிவம் கேக்குது. அவ்வளவுதான்."

இரண்டு வாரம் மோட்டார்க்காரர் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம் நிறுத்தினால் தெருவில் கணுக்காலளவு தண்ணீர் நிற்கும். அதற்கு ஈடாக ஒரு சுவர் வரும். என்றோ வரப்போகும் பெரிய வெள்ளத்தில் எட்டுத் தெருவும் பிழைக்கும். கணக்கு சரியாகத்தான் வந்தது. தப்பான காரியத்துக்கு மட்டும் கணக்கு ஏன் முதல் தடவையிலேயே சரியாக வருகிறது என்பதுதான் அவருக்கு உறுத்தலாக இருந்தது.

ஒரு மதியம் மழை பிடித்தது. வழக்கம்போலப் போனார், மோட்டாரைப் போட்டார். மூன்று மணிக்குக் கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சை அணைத்தார். அந்த அறையில் மழைச் சத்தத்தை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. மூன்றரைக்கு மறுபடி போட்டார். மோட்டார் சுற்றியது, தண்ணீர் வரவில்லை. நின்ற இடைவெளியில் குழாயில் காற்று பிடித்துக்கொண்டுவிட்டது. பத்தொன்பது வருடத்தில் மழை நடுவே நிறுத்தியே பழக்கமில்லாததால் அவருக்கு அது தோன்றவில்லை. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, காற்றை வெளியேற்றி, மோட்டார் இழுக்கத் தொடங்கும்போது மணி ஆறு. எட்டுத் தெருவிலும் முழங்காலளவு தண்ணீர்.

அவர் வீட்டுக்கு வந்தபோது மனைவி நனைந்த துணிகளைப் பிழிந்துகொண்டிருந்தாள். மூன்று இயந்திரங்களில் இரண்டின் மோட்டாருக்குள் தண்ணீர் போயிருந்தது.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார்.

"நீங்கதான் நிறுத்தினீங்க. தெரியும்."

"எப்படி?"

"மழை பெஞ்சா பின்னாடி உங்க மோட்டார் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். கேட்டுக்கிட்டே தைப்பேன். மூணு மணிக்கு நின்னுச்சு." துணியை உதறினாள். "மூணு அஞ்சுக்குப் புகார் போட்டேன். முதல் புகார் என்னுதுதான்."

"என் மேலயா?"

"பின்ன யார் மேல? நீங்கதான் அதுக்காகத் தவம் கிடந்தீங்களே. தூக்கத்துல மார்க்கு மார்க்குன்னு புலம்பினது யாரு?"

மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு புகார்கள். மூன்று பத்திரிகைகளில் படம். மறுமதிப்பீட்டில் எண்பத்தாறு மதிப்பெண். அதன் பிறகு நடந்ததெல்லாம் மின்னல் வேகத்தில் நடந்தது. நான்கு மாதத்தில் ஆளுயரத்துக்கு மேல் சுவர் எழுந்தது. புத்தம்புது இரண்டாவது மோட்டார் வந்தது. மோட்டார்க்காரருக்கு ஒரு மேல்சட்டையும், 'செயலிழப்பைச் சீரிய முறையில் கையாண்டமைக்காக' ஒரு சான்றிதழும் கிடைத்தன.

தெருவும் மாறிவிட்டது. பத்தொன்பது வருடமாக அவரை விசித்திரமான மனிதர் என்று நினைத்திருந்த மாடிவீட்டுக்காரர் கீழே இறங்கிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க மட்டும் அன்னைக்கு இல்லேன்னா எங்க கதி என்னங்க?" அன்றைக்குத் தண்ணீர் அவருடைய மாடிப்படியின் ஐந்தாவது படியைக்கூடத் தொடவில்லை. மோட்டார்க்காரர் சிரித்து வைத்தார். அந்த மரியாதை அவருக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததை நினைத்தால்தான் பிடிக்கவில்லை.

ஒரு வருடம் ஆனதும் அதிகாரியும் மேலாளரும் தேடி வந்தார்கள்.

"முதல் தரம் வருஷா வருஷம் புதுப்பிக்கணும், அதுக்கு அந்தந்த வருஷக் கணக்கு மட்டுந்தான்," என்றார் அதிகாரி தயங்கி. "இந்த வருஷம் உங்களுக்குப் புகாரே இல்ல. சுவர் இருக்கு, ரெண்டு மோட்டார் இருக்கு. நின்னதாவும் தகவல் இல்ல. மறுபடி ஒன்பதுக்கு வந்துட்டீங்க."

"அதனால?"

"தகுதி இழந்த இடத்துல இருக்கிற துணை இயந்திரத்தைத் தகுதியுள்ள இடத்துக்கு மாத்தணும்னு ஒப்பந்தத்துல இருக்கு," என்றார் மேலாளர். "உங்க ரெண்டாவது மோட்டார் பாலத்துக்குப் போகுது."

"இல்லாத பாலத்துக்கு மோட்டார் எதுக்கு சார்?"

"நூத்துக்கு நூறு வாங்கியிருக்கு. இன்னும் ஒண்ணுமே குடுக்கலியேன்னு எங்களுக்கே கூச்சமா இருக்கு."

செய்தி தெருவுக்குள் பரவியது. அன்று மாலையே மாடிவீட்டுக்காரர் தலைமையில் கூட்டம் கூடிவிட்டது. மோட்டார்க்காரர் கூனிக் குறுகி நின்று, போன வருடம் நடந்த உண்மையைப் போட்டு உடைத்தார். அடி விழும் என்று எதிர்பார்த்தார்.

"அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயந்தானே," என்றார் மாடிவீட்டுக்காரர். "இப்ப கேள்வி அது இல்ல. இந்த வருஷம் எப்ப நிறுத்தப் போறீங்க? முன்கூட்டியே சொன்னா சாமானை மேல ஏத்திருவோம். போன தடவை எல்லாம் திடுதிப்புன்னு நடந்துபோச்சு."

"வர்ற வாரம் வேண்டாம், பிள்ளைகளுக்குப் பரீட்சை," என்றது ஒரு குரல்.

"சனிக்கிழமை எனக்கு ஆர்டர் முடியுது," என்றாள் மோட்டார்க்காரரின் மனைவி. "ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாம்."

ஞாயிறு என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆனது. வானிலை அறிக்கையும் அன்றைக்குக் கனமழை என்றே சொல்லியிருந்தது. தையல் இயந்திரங்கள் மாடிக்கு ஏறின. கட்டில்கள் செங்கல் மேல் ஏறின. மாடிவீட்டுக்காரர் எழுநூறு புகார்களை எழுதி வாங்கித் தயாராக வைத்திருந்தார், நேரம் போடும் இடம் மட்டும் காலி. படம் பிடிக்கப் பத்திரிகைக்காரர் ஒருவர் முட்டிவரை பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார். அதிகாரியும் மேலாளரும் மேல்சட்டையோடு வந்தார்கள். அரசும் தனியாரும் பொதுமக்களும் இவ்வளவு ஒற்றுமையாக நின்று யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை.

வெயில் சுள்ளென்று அடித்தது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

பதினோரு மணிவரை எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மோட்டார்க்காரரும் பார்த்தார். மழை வந்துவிடக் கூடாதே என்று இருபது வருடம் பயந்த மனிதர், இன்று வரவில்லையே என்று கோபப்படுவதை உணர்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

"நாளைக்குள்ள மதிப்பெண் அனுப்பணும்," என்றார் அதிகாரி வருத்தத்துடன்.

"ஏங்க," என்றார் மாடிவீட்டுக்காரர் யோசனையாக. "தண்ணியைத் தெருவுலேருந்து ஆத்துக்குத் தள்ளுற மோட்டாரு, ஆத்துலேருந்து தெருவுக்குத் தள்ளாதா?"

எல்லோரும் மோட்டார்க்காரரைப் பார்த்தார்கள். அவர் மனைவியும் பார்த்தாள். அதிகாரி மட்டும், நாங்க சொல்லல என்கிற பாவனையில், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

'அதெல்லாம் நடக்கிற காரியமா?' என்று கேட்கத்தான் மோட்டார்க்காரர் வாயைத் திறந்தார்.

"குழாயைக் கழட்டித் திருப்பி மாட்டணும்," என்றார். "ஒரு மணி நேரம் ஆகும்."

சொன்ன பிறகுதான், அதை எப்போது கணக்குப் போட்டு வைத்தோம் என்று அவருக்கே திகைப்பாக இருந்தது.

"ஒரு மணி நேரந்தானே," என்று கூட்டம் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. வெள்ளத்துக்காகக் காத்திருக்க எல்லோரும் புதுச் சுவரின் நிழலில் போய் வரிசையாக உட்கார்ந்தார்கள்.