தட்டோடு வராதே, தம்பி

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைக் கடலை மண்டியும் குடும்பமுமாகச் சௌக்கியமாக இருக்கும் தம்பி வேடியப்பனுக்கு, வேங்கிக்காலிலிருந்து அக்கா உண்ணாமலை எழுதுவது. உன் மாமாவின் முழங்காலைத் தவிர இங்கு எல்லாம் நலம். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய் என்றுதான் கடிதம்.

வருகிற வெள்ளிக்கிழமை என் மகள் வினோதினியை உன் மகன் வல்லரசுக்குப் பேசி முடிக்கத் தட்டோடு வருகிறாயாம். வராதே. காரணம், டிவி தொடரில் வருகிற தாரகை. விண்கப்பலில் வேலை செய்கிற இயந்திரப் பெண். அவளைச் செய்த விஞ்ஞானி, தன்னைத்தான் காதலிக்க வேண்டும் என்று செய்யும்போதே அவள் தலைக்குள் எழுதி வைத்துவிட்டான். அவள் மனசோ, கப்பலில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன் மேல். உன் மாமா விஞ்ஞானி கட்சி, நான் தாரகை கட்சி. போன பௌர்ணமிக்குக் கிரிவலம் போனோம். பாதி தூரம் போனதும், என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "அந்தப் பொண்ணு விஞ்ஞானிக்கே அமையணும்னுதான். செஞ்சவனுக்கு இல்லாத உரிமையா?" என்றார். அவள் இஷ்டப்படி நடக்க வேண்டும் என்று நான் வெறுங்காலோடு நடக்கிறேன், அதைக் கெடுக்க இவர் கூடவே நடக்கிறார். அப்புறம் அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். என்னை முறைத்துக்கொண்டே வந்ததில் வேகத்தடை தடுக்கி விழுந்தார். முழங்கால் கதை அதுதான்.

ஆட்டோவில் திரும்பும்போதும் விஞ்ஞானியைத் திட்டிக்கொண்டே வந்தேன். திடீரென்று நம் வீட்டுக் கதையும் அதுதானே என்று உறைத்தது. வினோதினிக்குக் காது குத்தியது ஞாபகம் இருக்கிறதா? ஒன்பது மாதக் குழந்தை, உன் மடியில் வீறிட்டு அழுகிறாள். "இவ என் வல்லரசுக்குத்தான்" என்றாய். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். இருபத்துநாலு வருஷமாக அந்தப் பேச்சை யாரும் மாற்றவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, தம்பி. வல்லரசு தங்கமான பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவள் யாருக்கு என்பதை நீயும் நானும் சொல்லக் கூடாது. இதற்காக நீ பேசாமல் போனாலும், பொங்கல் சீர் நின்றாலும், நான் மாறப்போவதில்லை.

உன் மனைவி தமிழ்செல்விக்கும் வல்லரசுக்கும் என் ஆசி. அண்ணாமலையார் உன் கோபத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணட்டும்.

அன்புள்ள அக்கா,
உண்ணாமலை

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் வினோதினி இதைப் படித்துவிட்டாள். "வேடியப்பன் மாமாதான் என்னைக் கேக்கல. இவ்ளோ எழுதின நீயாவது கேட்டியாம்மா? எனக்கு வல்லரசத்தான் புடிச்சிருக்கு. நாலு வருஷமா" என்றாள். நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் நீ தட்டோடு வரக் கூடாதாம். ஞாயிற்றுக்கிழமை அவளே உங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை பார்க்க வருகிறாளாம். விஞ்ஞானி ஜெயித்துவிட்டான் என்று உன் மாமா கட்டுப்போட்ட காலோடு இப்போதே தயார். வல்லரசைப் பஜ்ஜி சுடப் பழகச் சொல். காபியும் அவன் கையாலேயே வர வேண்டுமாம். பிடித்திருக்கிறதா இல்லையா என்று குடித்துவிட்டுச் சொல்வாளாம்.