மீன் பசளையும் இப்ஹாமின் வெள்ளைச் சாரனும்

அலவத்துகொட

அன்பின் மச்சான் நஸீப் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் ராத்தா பர்ஹானாவும் நானும் அல்லாஹ்வின் உதவியால் சுகம். தெல்தெனியவில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாயிருக்க துஆ செய்கிறோம். தொலைபேசியில் சொன்னால் சிரிப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லித் தந்தபடி மீன் குடல் ஒரு பங்கு, கருப்பட்டி ஒரு பங்கு கலந்து, பல்கனியிலுள்ள பூச்சாடிகளுக்காக ஒரு பெரிய பிளாஸ்டிக் போத்தலில் ஊறவைத்தேன். மூடியை இறுக்க வேண்டாம் என்றும் சொன்னீர்களாம். பர்ஹானாவுக்குக் கேட்டிருக்கிறது, எனக்குக் கேட்கவில்லை. முப்பத்தொரு வருடம் தபாற்கந்தோரில் பார்சல் கட்டிய கை இறுக்கித்தான் மூடியது. ஆறாம் நாள் போத்தல் ஊதியிருந்தது. பசளை நன்றாக வருகிறது என்று வெயிலில் நகர்த்தி வைத்தேன். அன்று வெள்ளிக்கிழமை. பதினொரு மணிக்கு வெடித்தது. கீழ்வீட்டில்தான் வீட்டுக்காரர் இப்ஹாமும் அவர் மனைவி கைரியாவும் இருக்கிறார்கள். பல்கனிக்கு நேர் கீழே கொடியில் காய்ந்த இப்ஹாமின் வெள்ளைச் சாரனின் பின்பக்கத்தில் பசளை தெறித்திருக்கிறது. அவருக்குத் தடிமன், மணம் தெரியாது. அதை உடுத்துக்கொண்டு ஜும்ஆவுக்குப் போய்விட்டார். பள்ளிவாசல் படி வரை மூன்று பூனைகள் கூடப் போயின. தொழுதுவிட்டு வெளியே வரும்போது ஐந்து நின்றனவாம்.

பின்னேரம் கைரியா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே வந்தார். சத்தம் போடவில்லை.

"மஹ்மூத் நானா, பதினொரு வருஷம் நல்லாத்தான் இருந்தோம். மாசம் முடிய வீட்ட விட்டுக் குடுங்க."

பர்ஹானா கதிரையில் உட்கார்ந்தவள் எழும்பவில்லை. முழங்கால் வருத்தத்தோடு இன்னொரு வீட்டுப் படியைப் பழக ஏலாது என்று மட்டும் சொன்னாள். அன்று அவள் சோறு தின்னவில்லை, எனக்கும் இறங்கவில்லை. மறுநாள் சாரனைக் கேட்டு வாங்கி, தேசிக்காய்ப் புளி விட்டு நாலு தரம் கழுவி, அயன் பண்ணி, இனி ஆயுளுக்கும் பசளை செய்யமாட்டேன் என்று இரண்டு பிரதி எழுதிக் கையெழுத்து வைத்துக்கொண்டு கீழே போனேன். கைரியா இரண்டையும் வாசித்து, தானே வாங்கி வைத்துக்கொண்டு, சரி, இருங்க என்றார். போத்தலின் அடியில் மிஞ்சியதைப் பத்து வாளி தண்ணீரில் கரைத்துப் பின்வளவில் ஊற்றிவிட்டேன். ஆகவே அடுத்ததாகச் சொல்லித் தருவதாயிருந்த வாழைப்பழப் பசளை பற்றி நீங்கள் எழுதத் தேவையில்லை. இந்த விஷயம் இத்தோடு முடிந்தது.

உங்கள் வீட்டிலும் தோட்டத்திலும் அல்லாஹ் பரக்கத்தைத் தருவானாக. வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
மஹ்மூத்
(ஓய்வுபெற்ற தபாலதிபர்)

பி.கு.: வீட்டில் முத்திரை இல்லாததால் இக்கடிதம் மூன்று கிழமை அலுமாரியில் கிடந்தது. இதற்கிடையில் பின்வளவில் கைரியா நட்டு, இரண்டு வருடமாக முழ உயரத்தைத் தாண்டாத கறிவேப்பிலை, ஒரேயடியாகத் துளிர்த்துவிட்டது. பர்ஹானா மீன்காரரிடம் குடலுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். வாழைப்பழப் பசளையின் விபரத்தையும் உடனே அனுப்பவும். இன்று காலை கைரியா நான் கையெழுத்து வைத்துக் கொடுத்த பிரதிகள் இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"பசளை போடாட்டித்தான் நானா, வீட்ட விட்டுக் குடுக்கணும்."