கூட்ரோட்டில் குளிர்காலம்

மனிதகுலத்தை உயர்த்தியவை மூன்று: நெருப்பு, சக்கரம், ஒன்றியச் சேர்மன் ஆதிநாராயணன் காரில் ஏ.சி. முதல் இரண்டையும் கண்டுபிடித்தவர்கள் யாரென்று தெரியாது. மூன்றாவதைப் பொருத்தியவர் திண்டிவனம் மெக்கானிக் வேணு.

அந்தக் கார் நாற்பது வருடங்களுக்கு முன் பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் ஓட்டியது. அதில் ஒரே குறை, காற்று இலவசமாக உள்ளே வந்துகொண்டிருந்ததுதான். வேணு அதைச் சரிசெய்தார். குளிர் டிரைவர் மேல் பட்டு ‘வீணாகாமல்’ நடுவில் கண்ணாடித் தடுப்பும் வைத்தார்.

டிரைவர் முருகையன், காத்திருக்கும் நேரங்களில் பனி கொட்டும் தேசத்து நாவல்களைத் தமிழில் படிப்பவர். தன் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் அதே தேசம் இருப்பதில் அவருக்குப் பெருமை. கண்ணில் வியர்வை இறங்கியதால் அதைத் திரும்பிப் பார்க்கத்தான் முடியவில்லை.

எண்பத்தேழு மே மாதம். ஒலக்கூர் கூட்ரோடு பஸ் நிறுத்தத்துக்குக் கூரை வேண்டுமா என்று முடிவு செய்ய விழுப்புரத்தில் கூட்டம். மனு கொடுத்தவள் முருகையன் மனைவி அம்சா. அங்கே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிறவள். போன வாரம் வெயில் தாங்காமல் கூடை மேலேயே மயங்கி விழுந்தவள்.

கூட்டத்துக்குப் போகிற வழியில், கூட்ரோடு மேட்டில் கார் நின்றது.

“அய்யா, ஏ.சி.ய நிறுத்துனா வண்டி மேடு ஏறிடுமுங்க. ரெண்டுக்கும் இஞ்சின் தாங்கல.”

சேர்மன் கண்ணாடியை ஒரு விரற்கடை திறந்தார். “நாகரிகத்த நிறுத்தச் சொல்றியா? ஆளக் கூப்புடு. ஜல்தி!”

அம்சாவும் ஏழு பெண்களும் தள்ளினார்கள். கால் மணி நேரம்.

“யோவ், உள்ள இன்னா நெல்லு மூட்டையா வச்சிக்கினு போறீங்க?” என்றாள் அம்சா, மூச்சிரைக்க. உள்ளே சேர்மன் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

கூட்டத்தில் அதிகாரி கேட்டார்: “அந்த இடத்துல வெயில் எப்படி?”

“கால் மணி நேரம் நானே நேர்ல இருந்து பார்த்தேங்க. குளிர் தாங்கல.”

வாசலில் நின்ற முருகையன் வாயைத் திறந்தார். கதவு மூடிக்கொண்டது. அரசாங்கம் மக்களைக் கைவிடுமா? ‘கூரை தேவையற்றது’ என்று எழுதி, ‘குளிர் நிவாரணமாக’ எட்டுக் கம்பளிகளை அனுப்பி வைத்தது.

அடுத்த வாரம் கார் அதே மேட்டில் நின்றது. எட்டுக் கம்பளிகளும் நான்கு மூங்கில்களின் மேல் கூரையாகக் கட்டப்பட்டிருந்தன. கீழே நிழலில் பெண்கள்.

“ஏன் ஒருத்தியும் வரல?” கண்ணாடியைத் தட்டினார் சேர்மன்.

முருகையன் இறங்கிப் போனார். “அம்சா, கொஞ்சம் தள்ளி வுடுங்க.”

அம்சா கைகளைக் கட்டிக்கொண்டு பற்களைக் கிடுகிடுக்க வைத்தாள். “எப்பிடிய்யா வர்றது? உன் சேர்மன் சொல்லி ஆபீசுலயே எழுதிட்டாங்களே. குளுருல கையி வெறச்சிக் கெடக்குது. அவரையே எறங்கித் தள்ளச் சொல்லு. ஒடம்புக்குச் சூடாவது ஏறட்டும்.”

அன்று முதன்முறையாக, முருகையன் ஒரு நாவலை நிழலில் உட்கார்ந்து படித்தார்.