டெம்ப்ளேட் கருவிக்கு விளக்கம் எழுதிய வரலாறு

அநீதி இழைக்கப்பட்டவள் என் அறைத்தோழி. வேதியியல் மாணவி, விடுதி முழுக்க அவளுக்கு 'பீக்கர்' என்றுதான் பெயர். இழைத்தது எங்கள் பல்கலைக்கழகத்தின் சான்றிதழ்ப் பிரிவு. அவள் கேட்டது ஒரே ஒரு வரி: "இவர் தேர்ச்சி பெற்றுவிட்டார்." வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அந்த வரி போய்ச் சேராவிட்டால், ஒரு மருந்து ஆய்வகம் அவளுக்கென்று வைத்திருந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிடும்.

திங்கட்கிழமை இருவரும் போனோம்.

"கடிதமெல்லாம் இப்ப நாங்க எழுதறதில்லம்மா," என்றார் கண்காணிப்பாளர், பெருமையாக. "ஏஐ ஏஜென்ட் வந்தாச்சு. ஆபீஸ் மெயில் மொத்தமும் அதுவே எழுதி அதுவே அனுப்பிடும்."

"அப்ப அனுப்பச் சொல்லுங்க சார்."

"அங்கதான் ஒரு சின்னச் சிக்கல்."

சிக்கல் இது. மின்னஞ்சல்களுக்கு டெம்ப்ளேட் செய்ய ஏஜென்டுக்கு ஒரு கருவி உண்டு. ஒரு மாதிரிக் கடிதத்தைச் செய்து வைத்துவிட்டால், பெயரை மட்டும் மாற்றி ஆயிரம் பேருக்கு அனுப்பலாம். ஆனால் பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஏஜென்டுக்கு வழியில்லை. கருவி எதற்கு, எப்போது எடுக்க வேண்டும் என்று எழுதி வைத்த விளக்கத்தைப் படித்துத்தான் அது வேலை செய்யும். அந்த விளக்கத்தை யாரும் எழுதவில்லை. ஆகவே மூன்று மாதமாக இயந்திரம் சும்மா இருந்தது. இயந்திரம் வந்துவிட்ட காரணத்தால் மனிதர்களும் சும்மா இருந்தார்கள்.

"சார், உங்க பாக்கெட்ல பேனா இருக்கு. ஒரு வரி எழுதி சீல் குத்திக் குடுத்துடுங்களேன்."

"கையாலயா?" தகாத எதையோ கேட்டுவிட்டது போல என்னைப் பார்த்தார். "மெஷின் இருக்கும்போது ஏன் எழுதினேன்னு மேல கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

நான் கணினித் துறை. வாயும் சும்மா இருக்காது. "விடுங்க சார், அந்த விளக்கத்தை நானே எழுதறேன்," என்றேன். பீக்கர் என் காலை மிதித்தாள். அதற்குள் சொல்லி முடித்துவிட்டேன்.

அன்றைக்கே எழுதினேன். நான்கு வரி. டெம்ப்ளேட்டுக்கு ஒரு பெயர் வை. சப்ஜெக்ட் கொடு. கடிதத்தை எழுது. ஆளுக்கு ஆள் மாறும் இடங்களைக் காலியாக விடு.

"நாலு வரியா?" என்றார் கண்காணிப்பாளர் மறுநாள். "இதை ஃபைல்ல வச்சா வச்ச இடமே தெரியாதே!"

குழு கூட்டினார்கள். துணைப்பதிவாளர் மேடம், 'எப்போது பயன்படுத்தக் கூடாது' என்றொரு தலைப்பு வேண்டும் என்றார். வந்தவர்கள் எல்லாம் அதன் கீழ் ஆளுக்கு இரண்டு விதி சேர்த்தார்கள். விண்ணப்பதாரர் அவசரம் என்று சொன்னால் கூடாது, அவசரப்படுகிறவர் சந்தேகத்துக்குரியவர். அவசரம் என்று சொல்லாவிட்டாலும் கூடாது, அவசரமில்லாதவர் காத்திருக்கலாம்.

புதன்கிழமை, எடுத்துக்காட்டுக்காகச் சண்டை. தேர்ச்சிக் கடிதத்தையே நான் மாதிரியாகக் கொடுத்திருந்தேன்.

"தேர்ச்சி பெற்றுவிட்டார்னு எழுத்துல போட்டா பொறுப்பு வந்துடும்," என்றார் மேடம்.

"அவ நிஜமாவே பாஸ் மேடம்!"

"அது வேற விஷயம். நீயே சொல்லு, 'வருந்துகிறோம்'னு எழுதி இதுவரைக்கும் எந்த ஆபீஸராவது மாட்டியிருக்காரா?"

யாரும் மாட்டியதில்லை. வாதத்தில் நான் தோற்பது அபூர்வம், அன்று தோற்றேன். தோற்றாலும் எழுத்து நடையில் விட்டுக்கொடுக்க முடியுமா? தேர்ச்சிக் கடிதத்தை எடுத்துவிட்டு, மாதிரிக்குப் பன்னிரண்டு மறுப்புக் கடிதங்களை உட்கார்ந்து இழைத்தேன். வியாழக்கிழமை விளக்கம் அறுபத்துநான்கு பக்கத்தில் முடிந்தது. "அழகா எழுதறியேம்மா," என்றார் மேடம். உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனது, மறைப்பானேன்.

வெள்ளிக்கிழமை காலை அதை ஏஜென்டுக்குக் கொடுத்தார்கள். மாலை நாலே காலுக்குப் பீக்கரின் போனுக்குக் கடிதம் வந்தது.

"பெருமதிப்பிற்குரியீர், தாங்கள் தேர்ச்சி பெற்றிருப்பதை அறிந்து மகிழ்கிறோம். அதனை உறுதிசெய்ய இயலாததற்கு ஆழ்ந்து வருந்துகிறோம்."

அவள் இரண்டு முறை படித்தாள். "ஏண்டி, இந்த 'ஆழ்ந்து' நீ போட்டதுதானே?"

அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

பிரிவில் கண்காணிப்பாளர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "பொண்ணு கல்யாணத்துக்கு லீவு கேட்டேம்மா. கல்யாணத்துக்கு மகிழ்ச்சி தெரிவிச்சிருக்கு. லீவுக்கு வருத்தம் தெரிவிச்சிருக்கு."

மேடம் எட்டிப் பார்த்தார். "ஃபார்மட் கரெக்டாதான் இருக்கு," என்றார்.

மணி நாலே முக்கால். பீக்கர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கீபோர்டை இழுத்து ஏஜென்டிடமே கேட்டேன்: "பாஸானவளுக்குப் பாஸ் என்று எழுத உனக்கு என்ன கேடு?"

நொடியில் பதில் வந்தது. நான்கு பேரும் குனிந்து படித்தோம்.

"தங்கள் கேள்விக்கு நன்றி. அறுபத்துநான்கு பக்கங்களையும் மீண்டும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். இல்லை என்று எழுதப் பன்னிரண்டு வழிகள் மிக அழகாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆம் என்று எழுதுவது எப்படி என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. அலுவலகத்தில் யாருக்காவது தெரிந்திருந்தால் தயவுசெய்து சொல்லவும். கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்."