குலுக்கினால் சத்தம் வராத பெட்டி

அன்பு மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் எங்கள் மகளான உன் மருமகளும் நலம். மருந்துக்கடையும் நலம். ஊரில் எல்லாருக்கும் இருமல் நன்றாக இருக்கிறது, ஆகவே குறை ஒன்றும் இல்லை. உன் முழங்கால் வலி எப்படி? அதைப் பற்றிக் கீழே விவரமாக வருகிறது. முதலில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். நீ போனில் என்றைக்காவது மெதுவாகப் பேசியிருக்கிறாயா? நீ பேசினால் போனே தேவையில்லை, அங்கிருந்தே இங்கே கேட்கும். உன் மருமகள் காதில் விழக்கூடாத விஷயம் என்பதால்தான் எழுதுகிறேன்.

அவள் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கென்று ஏற்றுமதிப் பயிற்சி நடத்துகிறார்கள், கடைசியில் சான்றிதழ் தருகிறார்கள், அதற்கு ஒவ்வொருவரும் ஒரு பெட்டிச் சரக்கை நிஜமாகவே வெளிநாட்டுக்கு அனுப்பிக் காட்ட வேண்டும், வாங்கியவர் "கேட்டது கேட்டபடி வந்து சேர்ந்தது" என்று கையெழுத்திட்டு எழுதித் தர வேண்டும் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். அந்த வாங்குபவரே நீதானே. துணிப்பைக்கு நீ பேசிய பேரத்தைக் கேட்டு உன் அக்காவே, "சொந்த மருமககிட்டயா இப்படி?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். உனக்குத் தெரியாதது, இந்தப் பயிற்சி தொடங்கியதிலிருந்து வீட்டில் நாங்கள் படும் பாடு. காலையில் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "நேத்துக் குடுத்த மாதிரிக்கு இது ஒத்துவரலையேம்மா" என்று திருப்பிக் கொடுக்கிறாள். கடைக்குப் போய்த் தக்காளி வாங்கி வா என்றால் எத்தனை, என்ன நிறம், எந்த அளவு, எழுதிக் கொடுங்கள் என்கிறாள். உன் அக்கா எழுதிக் கொடுத்தாள், மச்சான்! முப்பது வருடமாக எனக்கு ஒரு வரி எழுதாதவள் தக்காளியைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாள்.

ஆனால் உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான். சும்மா சொல்லக்கூடாது, அவள் இப்படி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்று நான் பார்த்ததில்லை. நீச்சல் பழகப் போனாள், மூச்சுப் பிடிக்கக் கற்றதோடு வந்துவிட்டாள். கிட்டார் இரண்டு கம்பியோடு நின்றது. ஓவியத்தில் யானைக்குப் பின்பக்கம் மட்டும் போட்டாள். அதைப் பார்த்துத்தான் நீ அவளுக்குப் "பாதி" என்று பெயர் வைத்தாய், நாங்களும் அதையே பிடித்துக்கொண்டோம். அந்தப் பெயர் அவளுக்குப் பிடிக்காது. போன வாரம் படிப்பு மேசைக்கு மேலே சுவரில் சான்றிதழ் மாட்ட ஆணி அடித்தாள். சான்றிதழ் வரவில்லை, ஆணி வந்துவிட்டது. அந்த அறைக்குள் போனால் ஆணி இருக்கும் பக்கம் நான் திரும்புவதே இல்லை. இவ்வளவு தூரம் வந்ததைக் கெடுத்துவிட்டது யார் என்றால், நான்தான்.

நடந்ததைக் கேள். அவள் பைகளையெல்லாம் அடுக்கிவைத்துவிட்டு, மேலே ஒட்டும் சீட்டுகளை அச்செடுக்க வெளியே போனாள். பெட்டி சாப்பாட்டு மேசை மேல் திறந்தபடி இருந்தது. குலுக்கினால் சத்தம் வரக்கூடாது என்பது அவர்கள் பயிற்சியாளர் அம்மாவின் விதி. என் கை சும்மா இருக்குமா? குலுக்கினேன். லொடலொட என்றது. ஐயோ, பிள்ளை கவனிக்கவில்லையே என்று கடைப் பஞ்சைக் கொண்டுவந்து இடைவெளியில் அடைத்தேன். பிறகுதான் தோன்றியது: பஞ்சை அடைக்கிற இடத்தில் மச்சான் முழங்காலுக்கு ஒரு தைலப் புட்டியை வைத்தால் என்ன? வைத்தேன். அதைப் பார்த்த உன் அக்கா, "உங்க தைலம் போகலாம், நான் பின்னின ஸ்வெட்டர் போகக்கூடாதா?" என்று அதைத் திணித்தாள். அந்த நேரம் பார்த்து மேல்வீட்டு அக்கா வந்தார்கள். "வெளிநாட்டுக்கா போகுது? எம் பொண்ணும் அங்கதானே இருக்கா, குக்கருக்கு கேஸ்கட் கிடைக்கலைன்னு அழுவுறா" என்று ஓடிப் போய் எடுத்து வந்தார்கள். அந்தப் பெண் இருப்பது மச்சான் நாட்டுக்குப் பக்கத்து நாடு, அக்கா, என்றேன். "பக்கத்துலதானே? எட்டி வாங்கிக்குவா" என்றார்கள். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவது என்பது இதுதான். கடைசியில் பெட்டி மூடவில்லை. நான் மேலே ஏறி உட்கார்ந்தேன், அப்போதும் மூடவில்லை. வேறு வழியில்லாமல் நாலு பையை வெளியே எடுத்து என் பீரோவில் சட்டைகளுக்கு அடியில் ஒளித்துவைத்த பிறகுதான் மூடியது. ஒன்று மட்டும் சொல்கிறேன், குலுக்கினால் துளி சத்தம் இல்லை!

அவள் வந்து பெட்டியைத் தூக்கினாள். "என்னப்பா, இப்படிக் கனக்குது?" என்றாள். "துணி இல்லையாம்மா, ஈரத்தை இழுத்திருக்கும்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பெட்டியைத் தன் அறைக்குக் கொண்டுபோனாள். மறுநாள் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன், நேற்று இரவுச் சாப்பாடு வரைக்கும். "கூடப் படிக்கிற ஒருத்தன் பெட்டிக்குள்ள அவங்க வீட்டுல ஒரு ஜோடி செருப்பு வச்சுட்டாங்களாம். பெட்டி சுங்கச் சோதனையில அப்படியே நின்னுபோச்சு, அவனுக்குச் சான்றிதழ் கிடையாது" என்று சாதாரணமாகச் சொன்னாள். எனக்குப் புரையேறிவிட்டது. உன் அக்கா என் முதுகில் தட்டிய தட்டில் அவளும் பயந்திருந்தாள் என்று தெரிந்தது. செருப்புக்கே அந்தக் கதி என்றால் தைலத்துக்கு? புட்டி உடைந்திருந்தால் பைகளெல்லாம் மூட்டுவலி வாசனையோடு வந்து சேருமே!

ஆகவே மச்சான், உன் காலில் விழாத குறை. பெட்டி ஒழுங்காக வந்தால் ஸ்வெட்டரைப் போட்டுக்கொள், தைலத்தைத் தேய்த்துக்கொள், கேஸ்கட்டை எட்டிக் கொடுக்க முடிந்தால் கொடு. ஆனால் "துணிப்பைகள் மட்டும் வந்தன, கணக்குச் சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், தெரிகிறது. குறையும் நாலு பையை இந்தக் கடிதத்தோடு சேர்த்து அனுப்புகிறேன். அவளுக்கு இது தெரியவே வேண்டாம்.

நீயும் உன் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல், என்னைப் போன்ற மருந்துக்கடைக்காரனுக்கு ஒரு காசு லாபம் தராமல், நீண்ட நாள் வாழ வேண்டும். ஸ்வெட்டர் கை நீளம் சரியா என்று உன் அக்கா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன், பதில் மட்டும் எழுதிவிடாதே.

இப்படிக்கு,
கதிகலங்கி நிற்கும்
உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்யாதே. நாலு பையை எடுக்கப் பீரோவைத் திறந்தேன். சட்டைகளுக்கு அடியில் பை இல்லை. தைலப் புட்டி இருந்தது, அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டி: "திரவம். அனுமதி இல்லை. அனுப்பியவருக்கே திருப்பப்படுகிறது." கேஸ்கட்டில்: "வாங்குபவர் கேட்காத பொருள்." பஞ்சுக்குக்கூட ஒரு சீட்டு. திரும்பினால் வாசற்படியில் நிற்கிறாள்.

"ஈரத்தை இழுத்திருக்குமாப்பா?" என்றாள்.

அன்றைக்கே அறையில் பிரித்து, எடை போட்டு, பையைத் தேடி எடுத்து, முதலிலிருந்து அடுக்கியிருக்கிறாள். "அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன். "நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பார்த்தேன். சொல்லலை. அதான் செருப்புக் கதையைச் சொன்னேன்" என்றாள். அப்படி ஒரு பையனே கிடையாதாம்!

ஸ்வெட்டரை மட்டும் காணவில்லை. கேட்டேன். "அது போயிருக்குப்பா. இடைவெளிக்குச் சரியா இருந்துச்சு. மறைக்கலை, கணக்குல எழுதித்தான் அனுப்பினேன். அன்பளிப்பு, வணிக மதிப்பு இல்லைன்னு." சமையலறையிலிருந்து உன் அக்கா கரண்டியோடு வந்தாள். "மூணு மாசம் கண்ணு போகப் பின்னியிருக்கேன், மதிப்பு இல்லையாமா?" இவள் போய் அவளைக் கட்டிக்கொண்டாள். "விக்கிறதுக்கு இல்லைன்னு அர்த்தம்மா" என்றாள். உன் அக்கா அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை, நான் பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே வந்ததை வந்தபடி எழுது. ஒரே ஒரு வேண்டுகோள். உறை மேல் வழக்கம்போல் "பாதி" என்று எழுதிவிடாதே. ஆணி காத்திருக்கிறது, அதில் தொங்கப் போவது அவள் முழுப் பெயர்.