ஏரிக்குள் தையல் கடை

பூமியைப் படைத்தது யார் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் அதைச் சரிபார்த்து, அட்டவணைகளாகப் பிரித்து, அதிகாரியின் கையொப்பத்துடன் கட்டிக் காத்துவருவது நகர நீர் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் இயங்கும் வரைபடப் பிரிவுதான் என்பதில் மறுபேச்சுக்கே இடமில்லை. அங்கே வந்து சேரும்வரை மலைகள் வெறும் மலைகளாகவும், நதிகள் வெறும் நதிகளாகவும் அநாதையாகக் கிடந்தன. வந்த பிறகுதான் அவற்றுக்கு வரிசை எண் கிடைத்தது.

அந்தப் பிரிவைத் தாங்கி நின்றவள் ஒரே ஒரு பெண்மணி. அட்சரேகை, தீர்க்கரேகை என்று நாள் முழுக்கப் பேசுவதால் அவளுக்கு ‘ரேகை’ என்று பெயர் விழுந்துவிட்டது. விவரம் தெரியாமல் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அவள் மேசைமுன் உள்ளங்கையை நீட்டி, “பிரமோஷன் யோகம் இருக்கா மேடம்?” என்று கேட்பதுண்டு. அவளோ அதைவிடப் பெரிய காரியத்தில் இருந்தாள். வீடுகளைப் புள்ளிகளாகவும், தெருக்களையும் கால்வாய்களையும் கோடுகளாகவும், ஏரி குளங்களை நீலப் பரப்புகளாகவும் கணினியின் தரவுத்தளத்தில் ஏற்றிவைப்பாள். பிறகு எந்த வீடு எந்தக் குழாய்க்குப் பக்கத்தில், எந்தத் தெரு எந்த வட்டத்துக்குள் என்று கேட்டால், அது கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் சொல்லும். ஆனால் நாம் பேசுகிற மாதிரி கேட்டால் சொல்லாது. அதற்குரிய மொழியில், அரைப்புள்ளி பிசகாமல், பணிவோடு கேட்க வேண்டும். இந்த ஒரு குணத்துக்காகவே இயக்குநருக்கு அதைப் பிடித்திருந்தது.

முதலில் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். காரணம், அந்த மென்பொருள் இலவசம்.

“இது யாரோடது?” என்று கேட்டார் இயக்குநர்.

“தனியா யாரோடதும் இல்ல சார். எல்லாரும் சேர்ந்து எழுதினது. எல்லாரோடதும்.”

“அப்ப திறப்பு விழா மேடையில யாரை உட்கார வைக்கிறது?”

“இது திறந்த மூலம் சார். ஏற்கெனவே திறந்துதான் இருக்கு.”

இயக்குநர் நாற்காலியில் நெளிந்தார். “மூலத்தைப் பத்தி மட்டும் பேசாதீங்கம்மா. காலையிலேர்ந்து உட்கார முடியல.”

சரி என்று, கோப்பில் ‘கட்டற்ற மென்பொருள்’ என்று மாற்றி எழுதினாள். ‘கட்டற்ற’ என்பது ஒழுங்கீனத்தைக் குறிக்கிறது என்று சட்ட ஆலோசகர் ஆட்சேபித்தார். பல கூட்டங்களுக்குப் பின் ‘ஓரளவு கட்டுடைய கட்டற்ற மென்பொருள்’ என்ற பெயரில் ஒப்புதல் கிடைத்தது.

அதன்பின் இயக்குநர் தரவுத்தளத்தின்மீது கொண்ட பக்தி அளவிட முடியாதது. வரைபடத்துக்கும் தரைக்கும் வேறுபாடு இருந்தால் தரையைத் திருத்த வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். ‘தானியங்கி நீர்நிலைப் பாதுகாப்பு’ என்ற திட்டத்தையும் கொண்டுவந்தார். இதன்படி, தினமும் காலையில் கணினி தானாகவே, ‘எந்த வீடாவது ஏரிக்குள் இருக்கிறதா?’ என்று பார்க்கும். இருந்தால் மனிதர் யாரையும் தொந்தரவு செய்யாமல் அதுவே மீட்புப் படகுக்கு உத்தரவு அனுப்பும். குடிநீர் இணைப்பைத் துண்டிக்கும். வீட்டை இடிக்க அறிவிப்பும் அச்சடிக்கும். ஒரு மனிதனைக் காப்பாற்றுவதற்கு இவை மூன்றும் போதும் என்பது இயக்குநரின் கொள்கை.

திட்டம் தொடங்கிய நாளன்று காலை ரேகையின் அக்கா போன் செய்தாள்.

“ஏய், சும்மாதானே இருக்க?” தங்கைக்கு வேலை நேரம் என்று ஒன்று இருப்பதாக அக்கா ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. “இங்க படகு வந்திருக்குடி.”

“என்ன படகு?”

“படகுன்னா படகுதான். துடுப்பெல்லாம் இருக்கு. லாரியில கொண்டுவந்து வாசல்ல இறக்கியிருக்காங்க. ஏறுங்கம்மா, காப்பாத்த வந்திருக்கோம்ங்கறாங்க.”

அக்கா வீட்டின் முன்னறைதான் அவள் தையல் கடை. பள்ளிச் சீருடைகள் தைத்துத்தான் குடும்பம் நடந்தது. அவள் தைக்க, மாமா துணி வெட்டிக் கொடுத்து, பட்டன் வைப்பார். தெருவில் மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது. படகு இறங்கிய வேகத்தில் எழுந்த புழுதி, தைத்து மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டைகளின்மேல் படிந்துவிட்டது. அக்காவின் கோபத்துக்கு உடனடிக் காரணம் அதுதான்.

“அவங்ககிட்ட போனைக் குடு.”

படகுக்காரர் மரியாதையாகப் பேசினார். “உத்தரவு வந்திருக்கு மேடம். இந்தத் தெரு ஏரிக்கு நடுவுல இருக்கு.”

“தண்ணி இருக்கா அங்க?”

“அது வேற பிரிவு மேடம். நாங்க படகு மட்டும்தான்.”

மீட்டதற்கு ஆதாரமாக ஒரு புகைப்படம் தேவைப்பட்டது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத மாமாவுக்கு மிதவைச் சட்டை போட்டுவிட்டு, படகில் உட்காரவைத்துப் படமெடுத்தார்கள். அதில் அவர் வாயில் குண்டூசியைக் கடித்தபடி, உயிர் பிழைத்த மகிழ்ச்சி கொஞ்சமும் இல்லாமல் தெரிந்தார்.

மத்தியானம் குழாய் நின்றது. மறுநாள் கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள். ‘நீர்நிலை ஆக்கிரமிப்பு. ஒரு வாரத்தில் அகற்றப்படும்.’

இந்தமுறை அக்கா போனில் சத்தம் போடவில்லை. “படகு வந்தப்ப சிரிப்பா இருந்துச்சு. இது சிரிப்பா இல்லடி. மிஷினை எங்க தூக்கிட்டுப் போறது?”

ரேகை திரையில் அந்தத் தெருவைத் தேடினாள். நகரத்தின் மிகப்பெரிய ஏரி, நீலப் போர்வை மாதிரி, அக்கா வீட்டின்மேல் மல்லாந்து படுத்திருந்தது. நீல நிறத்தை அணைத்துவிட்டு, அடியிலிருந்த வான்படத்தைப் பார்த்தாள். மொட்டை மாடியில் கொடி கட்டி, சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன. எந்த ஏரியின் நடுவிலும் துணி அவ்வளவு நன்றாகக் காயாது.

இயக்குநரிடம் ஓடினாள்.

“சார், ஏரி தப்பான இடத்துல இருக்கு.”

“ஏரி தப்பா இருக்காதும்மா. அது நம்ம தளத்துல இருக்கு. உங்க அக்கா தப்பான இடத்துல இருக்காங்களான்னு பாருங்க.”

“அங்க தண்ணியே இல்ல சார்!”

“அப்படியா?” இயக்குநர் உண்மையிலேயே கவலைப்பட்டார். “ஏரி வறண்டுபோச்சா? யாரும் சொல்லவே இல்லையே.”

உடனே உதவிப் பொறியாளரைக் கள ஆய்வுக்கு அனுப்பினார். அவர் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, அளவுகோலோடு தெருவில் நடந்தார். அக்கா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, தையல் மிஷின் பக்கத்தில் தரையை அளந்து அறிக்கை கொடுத்தார். ‘நீர்மட்டம்: தற்சமயம் பூஜ்ஜியம். ஏரியின் நடுவே வசிப்போர் நட்பாகப் பழகுகின்றனர்.’ இடிக்கும் தேதி மாறவில்லை.

ரேகை பேசுவதை நிறுத்திவிட்டு மேசைமுன் உட்கார்ந்தாள். ஏரியை நகர்த்தலாம், ஆனால் எங்கே நகர்த்துவது? அப்போதுதான் கால்வாய்கள் அவள் கண்ணில் பட்டன. நகரத்தின் நாலாபக்கத்திலிருந்தும் கிளம்பிய கால்வாய்க் கோடுகள் எல்லாம் வடக்கே ஓரிடத்துக்குப் போய், அங்கே திடீரென்று நின்றன. ஏரி இடம்பெயர்ந்ததைப் பாவம் அவற்றுக்கு யாரும் தெரிவிக்கவில்லை. கால்வாய்கள் முடிந்த இடத்தில் ஒரு பெரிய வெற்றிடம். அதில் ‘ஏரிமுகம்’ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு நின்றிருந்தது. எல்லா வீட்டிலிருந்தும் ஏரி தெரியும் என்று விளம்பரம் செய்து விற்றிருந்தார்கள். காலடியில் இருப்பதை எட்டிப் பார்க்க வேண்டியதில்லை என்பதை மட்டும் விளம்பரத்தில் சொல்லவில்லை.

அவள் ஏரியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். தூங்கும் ராட்சதக் குழந்தையைப் போல் அது மெதுவாக நகர்ந்து வந்தது. வடக்கே விட்டாள். கரைகள் கால்வாய் முனைகளில், டப்பாவுக்கு மூடி மாதிரி பொருந்தின. சேமித்தாள். மறுநாள் காலைவரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், தானியங்கிப் பாதுகாப்பையும் கையாலேயே ஒருமுறை ஓட்டிவிட்டாள்.

சற்று நேரத்தில் இயக்குநரின் அறையில் போன் அடித்தது. அவர் மனைவியின் குரல் கதவைத் தாண்டி வெளியே கேட்டது.

“ஏங்க, நம்ம வாசல்ல படகு நிக்குது!”

இயக்குநர் நிறம் மாறி ஓடிவந்தார். “என்னம்மா பண்ணீங்க? நான் மூழ்கிட்டேன்!”

“நீங்க மட்டும் இல்ல சார். அந்தக் கட்டடத்துல எல்லாரும்.”

“நான் எட்டாவது மாடிம்மா! எட்டாவது மாடி எப்படி மூழ்கும்?”

“நம்ம தளத்துல உயரம் கிடையாது சார். நீளம், அகலம் மட்டும்தான்.”

அந்த அலுவலகத்தின் சுறுசுறுப்பை நாடு அன்றுதான் கண்டது. அக்கா வீட்டுக்காகக் கூட்ட முடியாத அவசரக் கூட்டம், டீ கொதிப்பதற்குள் கூடிவிட்டது. சட்ட ஆலோசகரும் வந்தார். அவர் ஐந்தாவது மாடி. உதவிப் பொறியாளர் இரண்டாவது மாடி, இன்னும் தவணை கட்டிக்கொண்டிருந்தார். இயக்குநரின் குரலில் துரோகத்தின் வலி இருந்தது.

“போன வருஷம் நீங்க லீவுல இருந்தப்ப நான்தானே ஆள் வச்சுக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னேன்! வச்ச இடத்துல இருந்துச்சே! அதை எதுக்கு எடுத்தீங்க?”

“அங்க ஆளுங்க இருக்காங்க சார்.”

“இங்கயும் ஆளுங்க இருக்கோம்மா!”

அவையில் ஆழ்ந்த மனிதநேயம் நிலவியது.

“ஏரியை அழிச்சிட்டா என்ன?” என்றார் உதவிப் பொறியாளர்.

சட்ட ஆலோசகர் அதிர்ந்துபோனார். “ஏரியை அழிக்கறது குற்றம். நாம நீர் அலுவலகம் சார். அதை மறக்கக்கூடாது.”

ஆகவே ஏரியை எங்கே வைப்பது என்று தேடினார்கள். கிழக்கே வைத்தால் ஒருவருடைய மைத்துனர் வாங்கிப் போட்ட மனை முழுகியது. மேற்கே வைத்தால் இன்னொருவரின் மாமனார் நடத்திய கல்லூரி. தெற்கே ஏற்கெனவே இன்னொரு ஏரியை நகர்த்தி வைத்திருந்தார்கள். கடைசியில் எல்லார் கண்களும் அந்தப் பழைய தெருவுக்கே திரும்பின.

“மறுபடி அங்கேயே வச்சிடுங்கம்மா,” என்றார் இயக்குநர், கனிவாக. “தைக்கறவங்கதானே. மிஷினுக்குச் சக்கரம் இருக்குமே.”

ரேகை வரைபடத்தைத் திரையில் முழுதாக விரித்தாள். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் அக்கா. அப்போது அவள் சொன்ன யோசனை வரைபடக் கலையின் சிகரங்களில் ஒன்று. அவள் வாயிலிருந்துதான் வந்தது என்பதை மறைக்க முடியாது.

“புள்ளியா மாத்திடலாம் சார்.”

“என்னது?”

“ஏரி பரப்பா இருக்கறதாலதானே வீடுகளை மூடுது? அதை ஒரு புள்ளியா மாத்திட்டா, ஏரி இருக்கும். பேர் இருக்கும். இடம் இருக்கும். பரப்பளவுதான் இருக்காது. யாரும் மூழ்க மாட்டாங்க.”

எல்லோரும் ஒருமுறை தங்கள் வீடுகளைத் திரையில் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கைதட்டல். சட்ட ஆலோசகர் எழுந்து நின்று, “அழிக்கல. சுருக்கியிருக்கோம். அருமை!” என்றார். புள்ளியை எங்கே வைப்பது என்பதில் மட்டும் சிறு விவாதம். ‘ஏரிமுகம்’ குடியிருப்பின் நீச்சல்குளத்தில் வைப்பது என்று ஒருமனதாக முடிவானது. உதவிப் பொறியாளர் அதே பூட்ஸோடு போய் அளந்துவந்தார். ‘ஏரியில் நீர் உள்ளது. ஒரு பக்கம் மார்பளவு. மறுபக்கம் ஆள் மூழ்கும் ஆழம்.’ தரையும் வரைபடமும் அப்படி ஒத்துப்போனது அந்த அலுவலகத்தின் வரலாற்றில் முதல்முறை.

அக்கா வீட்டுக் கதவிலிருந்து அறிவிப்பைக் கிழித்தார்கள். குழாயை மறுபடி இணைத்தார்கள். அக்கா தங்கைக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள். காலர் மடிப்பில்கூட ஒரு சுருக்கம் இல்லை. ரேகை அதை அணிந்துகொண்டு, ஒருவரைக் காப்பாற்றிய நிம்மதியோடு வேலைக்குப் போனாள்.

வெயில் காலம் வந்தது. நகரத்தின் குழாய்கள் முதலில் இருமின, பிறகு வெறும் காற்று விட்டன.

“ஏன்டி, தண்ணி வரலையே,” என்றாள் அக்கா போனில். அவள் பின்னால் காலிக் குடங்கள் வரிசையில் உருளும் சத்தம் கேட்டது. “மாமா விடியறதுக்கு முன்னாடி போய் நின்னாரு. லாரி வரவே இல்ல.”

“வரும்க்கா.”

“ஏரி நிரம்பியிருக்குன்னு உங்க ஆபீஸ் வாசல்ல போர்டு வச்சிருக்காங்களாமே. நிஜமா?”

ரேகை திரையைப் பார்த்தாள். பொய் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. “நிரம்பித்தான்க்கா இருக்கு.”

“அப்ப அந்தத் தண்ணியெல்லாம் யாருக்குடி?”

அவள் பதில் சொல்வதற்குள் கீழேயிருந்து அழைப்பு வந்துவிட்டது. அன்று பாராட்டு விழா. ‘ஏரிமுகம்’ நீச்சல்குளத்தின் கரையில், குடைகளின்கீழ் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மூன்று தண்ணீர் லாரிகள் வரிசையில் நின்று, குளத்துக்குள் குழாய் விட்டு ஏரியை நிரப்பிக்கொண்டிருந்தன. இயக்குநரின் பிள்ளைகள் ஏரியின் ஆழமான பக்கத்தில் குதித்து விளையாடினார்கள். அவர் ரேகையை மேடைக்கு அழைத்து, கண்ணாடிச் சட்டமிட்ட நற்சான்றிதழைக் கையில் கொடுத்தார். ‘ஒரு சொட்டும் வீணாகாமல் நகரின் ஏரியைக் காத்தமைக்காக’ என்று அதில் பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தது.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அந்த ஏரியிலிருந்து ஒரு சொட்டுகூட அந்தக் கட்டடத்தின் மதிலைத் தாண்டி வெளியே போகவில்லை.