நீதிபதிக்காக ஏலம் எடுத்த கேக்

பெருமதிப்பிற்குரிய வெர்லீன் அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் டெலானா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான், நாய் எல்லோரும் சுகம். அங்கே உங்கள் சுகத்தையும், மாமாவின் முழங்கால் சுகத்தையும், உங்கள் தேவாலயப் பெண்கள் சங்கத்தின் சுகத்தையும் அறிய ஆவல். சங்கத்தைத் தனியாக விசாரிப்பதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன். இதை போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் எடுத்ததும் "யாரது, சத்தமா பேசு" என்பீர்கள். நான் "ஒண்ணுமில்ல அத்தை, சும்மாதான்" என்று வைத்துவிடுவேன். போன தடவையும் அதுதான் நடந்தது.

அப்பாவின் வலது கையில் மூன்று விரல்களைக் கோழி ஆலையின் இயந்திரம் எடுத்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். இயந்திரத்துக்கு மூடி போடவில்லை என்று நம் ஊர் ஜூரி அப்பா பக்கம் தீர்ப்புச் சொன்னதும், ஆலை மேல்முறையீடு போனதும் தெரியும். இப்போது வழக்கு மாநிலத்தின் மேல் நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் முன்னால் நிற்கிறது. நம் வக்கீல் மோஸ்லி சொல்வது என்னவென்றால், அந்த ஐந்து பேரில் இரண்டு பேர் எப்போதும் ஆலை பக்கம் சாய்வார்களாம், இரண்டு பேர் எப்போதும் தொழிலாளி பக்கம் சாய்வார்களாம், ஸ்ட்ரிக்லர் என்ற ஒருவர் மட்டும் வழக்கைப் படித்துப் பார்த்துவிட்டுச் சாய்வாராம். படித்துப் பார்க்கிற மனிதர் தொழிலுக்கு நல்லதல்ல என்று ஆலை முதலாளிகள் சங்கம் முடிவு செய்துவிட்டது. நீதிபதிகளையும் நாம் ஓட்டுப் போட்டுத்தான் உட்கார வைக்கிறோம் என்பது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. நவம்பரில் ஸ்ட்ரிக்லர் நாற்காலிக்குத் தேர்தல். அவரை எதிர்த்து நிற்பவருக்காக அந்த முதலாளிகள் சங்கம் முப்பது லட்சம் டாலரை இறக்கியிருக்கிறது.

அந்தப் பணம் முழுவதும் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி வழியாகத்தான் ஓடுகிறது அத்தை. விளம்பரத்தில் கோழியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆலை கிடையாது, விரல் கிடையாது. ஒரு இருட்டுத் தெரு, ஆளில்லாமல் ஆடுகிற ஊஞ்சல், தும்மல் வரும் நேரத்தில் எடுத்தது போல ஸ்ட்ரிக்லரின் படம், அதன்மேல் ஒரு கனத்த குரல்: "குற்றவாளியை வெளியே விட்டவர் இவர். உங்கள் குழந்தை இன்றிரவு பத்திரமா?" கீழே எறும்பு எழுத்தில் "பத்திரமான முற்றம் இயக்கம்" என்று வரும், முதலாளிகள் சங்கம் விளம்பரத்துக்காக வைத்துக்கொண்ட பெயர் அது. நான் நூலகத்துக்குப் போய் அந்தத் தீர்ப்பைத் தேடிப் படித்தேன். வேறு ஆளைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள் என்று ஐந்து நீதிபதிகளும், ஆலை பக்கம் சாய்கிற இரண்டு பேர் உட்பட, கையெழுத்துப் போட்டு அவனை விடுவித்த வழக்கு அது. ஆனால் ஊஞ்சல் ஆடும்போது தீர்ப்பை யார் படிப்பார்கள்? அப்பா சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "இந்த ஆளையா நீதிபதின்னு வச்சிருக்கானுங்க, நவம்பர் வரட்டும், நானே போய் இறக்கிவிடறேன்" என்றார். தன் விரல்களுக்கு நியாயம் சொல்லக்கூடிய ஒரே ஆளை, மிச்சமிருக்கும் இரண்டு விரலை ஆட்டி ஆட்டித் திட்டினார்.

நம் குடும்பத்தில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான்தான். என் பட்டத்தை அப்பா சட்டம் போட்டு அந்தத் தொலைக்காட்சிக்கு மேலேயே மாட்டியிருக்கிறார். அதற்கு நேர் எதிரே உட்கார்ந்துதான் இதெல்லாம் நடக்கிறது. ஒருநாள் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு, "அப்பா, அந்த நீதிபதிதான் நம்ம கேஸ..." என்று ஆரம்பித்தேன். "பாப்பா, நீ புத்தகம் படிச்ச பொண்ணு, வெளி உலகம் தெரியாது" என்றார். அதற்கு மேல் பேச வராததால் ஒரு சீட்டில் "ஸ்ட்ரிக்லர் நம்ம ஆள்" என்று எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினேன். அம்மா அதைக் குழாய் ரிப்பேர்க்காரர் என்று நினைத்து, "எப்ப வர்றானாம்?" என்று இரண்டு நாள் காத்திருந்தார்.

கடைசியில் அப்பாவை மாற்றியது நானில்லை, அந்த முப்பது லட்சமேதான். பணம் மிச்சமிருந்ததோ என்னவோ, புதிதாக ஒரு விளம்பரம் எடுத்தார்கள். கோழிப் பண்ணை வாசலில் ஒரு விவசாயி, வைக்கோல் தொப்பி, மடிப்புக் கலையாத புது மேலங்கி, கையில் ஒரு கோழி. "எங்களைப் போல ஏழை விவசாயிகளை ஸ்ட்ரிக்லர் நசுக்குகிறார்" என்று கண்கலங்கினார். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த சோளரொட்டியைக் கீழே வைத்தார்.

"ஏண்டி, இவன் கில்கோர்."

"யாருங்க?" என்றார் அம்மா.

"ஆலை ஆபீஸ்ல ஆள் எடுக்கிற கில்கோர். ஆஸ்பத்திரிக்கு வந்து, 'கையுறை நல்லாத்தானே இருக்கு'ன்னு சொன்னானே, அவன். கோழியப் புடிச்சிருக்கிறதப் பாரு, டெலிபோன் மாதிரி. அவன் உயிரோட ஒரு கோழியப் பாக்கிறதே இதுதான் மொத தடவ."

பிறகு தொலைக்காட்சியை அணைத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அன்னைக்கு என்னமோ சொல்ல வந்தியே பாப்பா, சொல்லு" என்றார். சொன்னேன். முழுவதையும் சொன்னேன். நடுவில் அவர் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை அத்தை.

அதற்கப்புறம் அப்பாவைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. போன சனிக்கிழமை தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஸ்ட்ரிக்லரின் தேர்தல் செலவுக்காக பீன்ஸ் விருந்தும் கேக் ஏலமும் வைத்தார்கள். நீதிபதியே ஏப்ரன் கட்டிக்கொண்டு கரண்டியோடு நின்றார். திட்டினதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அப்பா வரிசையில் நின்றார். ஆனால் கையைப் பார்த்து நீதிபதி மனசு மாறிவிட்டால் அது நியாயமில்லை என்று வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, இடது கையால் தட்டை நீட்டினார். "ஐயா, நான் ஹோபர்ட், அந்தக் கோழி ஆலை..." என்றதுமே நீதிபதி பதறிப்போய், "நடக்கிற கேஸப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தையும் பேசாதீங்க, வெங்காயம் வேணுமா?" என்றார். அப்பா வேண்டும் என்றார். மன்னிப்பு வெங்காயத்தோடு முடிந்தது.

பிறகு ஏலம். நீதிபதியின் மனைவி செய்த வால்நட் கேக் இருபது டாலருக்கு வந்ததும் அப்பாவுக்கு ஆவேசம் வந்து, மறைத்து வைத்திருந்ததை மறந்து அந்தக் கையையே தூக்கிவிட்டார். கூடமே திரும்பிப் பார்த்தது. ஏலம் விட்ட தீயணைப்பு வீரர், "அண்ணன் ரெண்டு காட்டுறாரு, இருபத்திரண்டு, யாராச்சும் மேல போறீங்களா?" என்றார். யாரும் போகவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா கேக்கைத் தூக்கிக்கொண்டு, ராஜா மாதிரி நடந்து வந்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முப்பது லட்சத்துக்கு எதிராக எங்களிடம் இருப்பது கேக் மட்டும்தான். அடுத்த சனிக்கிழமை இன்னொரு ஏலம். உங்கள் சங்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு கேக் செய்து அனுப்ப வேண்டும். உங்கள் தேங்காய்க் கேக்குக்கு இந்த மாவட்டத்தில் இருக்கிற மதிப்பு உங்களுக்கே தெரியாது. ஓட்டுச் சீட்டில் நீதிபதிகள் பெயர் கடைசியில் வரும், அதற்குள் எல்லோருக்கும் அலுத்துவிடும். கடைசி வரைக்கும் படிக்கச் சொல்லி அவர்களிடம் சொல்லுங்கள்.

மாமாவின் முழங்காலுக்கு எங்கள் ஜெபங்கள் உண்டு. கர்த்தர் உங்கள் அடுப்பையும் அதைச் சுற்றி நிற்கிறவர்களையும் ஆசீர்வதிப்பாராக.

என்றும் உங்கள் அன்பிற்குரிய,
டெலானா

பின்குறிப்பு: அத்தை, தயவுசெய்து யாரும் எதையும் செய்ய வேண்டாம். செய்து முடித்திருந்தால் நீங்களே சாப்பிட்டுவிடுங்கள். உறையை ஒட்டும் நேரத்தில் வக்கீல் மோஸ்லி போன் செய்தார். வழக்காடுகிற ஹோபர்ட்டிடமிருந்து நீதிபதியின் தேர்தல் நிதிக்கு இருபத்திரண்டு டாலர் வந்திருக்கிறது, ஆகவே அவர் நடுநிலை தவறுவார் என்று ஆலையின் வக்கீல்கள் மனுப் போட்டார்களாம். ஸ்ட்ரிக்லர் அதையும் படித்துப் பார்த்துவிட்டு, நம் வழக்கிலிருந்து விலகிக்கொண்டார். தேர்தலில் எதிராளி ஜெயித்து அந்த நாற்காலிக்கு வந்தால் அவரும் நம் வழக்கிலிருந்து விலகுவாரா என்று கேட்டதற்கு, அந்த முப்பது லட்சத்தைத் தாம் கையால் தொடவில்லை, அது மக்கள் தம் கருத்தைச் சொன்னது, தாம் ஏன் விலக வேண்டும் என்கிறாராம். "அப்போ நாங்க கேக் வாங்காம ஊஞ்சல் வாங்கியிருக்கணுமா?" என்று நான் கேட்டேன். ஆம், நான்தான், போனில், சத்தமாக.

அப்பாவிடம் சொன்னேன். "ஒரு கேக்குக்கே எந்திரிச்சுப் போற ஆளு, அந்த நாற்காலியில இருக்கணும் பாப்பா. எனக்கு ஆகாட்டி அடுத்தவன் கைக்கு ஆகும்" என்றார். ஆகவே, சங்கத்துப் பெண்கள் எல்லோரும் நவம்பரில் ஓட்டுப் போடட்டும். வெறுங்கையோடு போகச் சொல்லுங்கள்.